கோடு கோணல்

பயிற்சி முடிந்து, சான்றிதழும் கையுமாக வெளியே வந்த விமலாராணி மேடத்தின் கண்ணில் முதலில் பட்டது, லேப் வாசலில் ரெக்கார்டு நோட்டோடு நின்ற சுரேந்தர்தான்.

"இன்னிக்குமா? சென்னிமலை சார்தான் லீவாச்சே."

"ஆமாங்க மேடம்."

இருபத்து மூன்று நாளாக அவர் இவனை இழுத்தடிக்கிறார். காலை ஒன்பதுக்கு ஒருதரம், சாயங்காலம் நாலுக்கு ஒருதரம். கிராஃப் சரியில்லை, அளவு சரியில்லை, திருப்பி எழுது. இயற்பியல் துறைக்கே தெரிந்த கொடுமை.

மனசொடிந்த மாணவர்களை எப்படித் தாங்கிப்பிடிப்பது என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை.

"உங்களுக்குத்தான் சார் இது முதல்ல வேணும்" என்று நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"இருக்குமுங்க மேடம். எனக்கு ரெக்கார்டு திருத்தோணும்" என்று போய்விட்டார். அவ்வளவு தடித்த தோல். இன்றைக்குக் கருமத்தம்பட்டியில் தங்கச்சி வீட்டு விசேஷமாம், இரண்டு நாள் வரமாட்டார்.

"கொண்டா கண்ணு, நானே கையெழுத்துப் போட்டுடறேன். இனி நீ அந்தாள்கிட்ட அலைய வேண்டாம்."

வாங்கிப் புரட்டினாள். ஒரு தப்பில்லை. அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. பேனாவைத் திறந்தாள்.

சுரேந்தர் பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தான்.

"போட்டுராதீங்க மேடம்."

"ஏன், அவ்வளவு பயமா?"

"இல்லீங்க." தலை குனிந்தான். "இருவத்து மூணு நாளைக்கு முன்னால சார்கிட்ட, நாளைக்கு நான் உசுரோட இருக்க மாட்டனுங்கன்னு சொன்னேன். உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாருங்க. இப்பவும் புதன்கிழமையானா அவரே வண்டில கூட்டிட்டுப் போறாரு."

"ரெக்கார்டு?"

"முடிக்காம எங்கடா போறே, காலைல ஒன்பதுக்கு வந்து காட்டுன்னாருங்க. அன்னையிலிருந்து தெனமும் எதையாச்சும் அடிச்சுப்போடறாரு. இந்த ரெண்டு நாளும் உங்ககிட்டக் காட்டச் சொன்னாருங்க. மேடம் லேசுல விடமாட்டாங்கன்னாரு."

விமலாராணி பேனாவை மூடினாள். பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்த அழகான கிராஃபின் குறுக்கே நீளமாக ஓர் அடி அடித்தாள்.

"கோடு கோணல். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எங்கிட்ட வந்து காட்டோணும். ஒன்பது அஞ்சாச்சுன்னா ஹாஸ்டலுக்கே வந்துபோடுவேன், தெரிஞ்சுக்கோ."