வலிப்பட்டை

என் இடது இடுப்பு உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. உடல் ஊனத்துக்கு அரசு உதவித்தொகை வாங்குகிறவன் வலிப்பட்டையை எந்நேரமும் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். வலி ஏறினால் அது அலறும். அலறல் கேட்டால் உப்பு குடோனில் வேலை போய்விடும். அதனால் தினமும் குடோன் வாசலில் அதைக் கழற்றி, என்னோடு மூட்டை தூக்கும் லூர்துவின் சட்டைக்குள் கட்டிவிடுவேன். யார் உடம்பு என்று பட்டைக்குத் தெரியாது. உடம்புச் சூடு இல்லாவிட்டால்தான் உதவித்தொகை நின்றுவிடும்.

"கட்டுங்கண்ணே, எனக்கு எங்க வலிக்கப் போவுது?" என்று சிரிப்பான். என் பங்கு மூட்டைகளில் பாதியையும் அவனே தூக்கிவிடுவான். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

நேற்று மத்தியானம் பட்டை அலறியது.

"ஏல, எவன் இடுப்புல கத்துது?" என்று மேஸ்திரி வந்தார்.

லூர்து என்னைப் பார்த்தான். "எனக்குத்தான் அண்ணாச்சி."

"சீக்காளிக்கு இங்க என்னல சோலி? நாளையில இருந்து வராத."

நான் குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தேன். எனக்குச் சம்பளமும் வேண்டும், உதவித்தொகையும் வேண்டும்.

வாசலில் பட்டையை அவிழ்த்துக் கொடுக்கும்போது அவனால் நிமிர முடியவில்லை.

"நெசமாவே வலிக்குண்ணே," என்றான்.

லூர்துவுக்கு நான் ஓர் இடுப்பும் ஒரு வேலையும் கடன்பட்டிருக்கிறேன்.