மழையில் வந்த வாளை

மூன்று வருடமாக அந்தப் பெரிய வாளைமீன் சடையப்பனின் தூண்டில் இரையைப் பரிசல்வரை துரத்தி வரும். அவர் முகத்தைக் கண்டதும் திரும்பிவிடும். அன்று அணையில் மழை பிடித்துக்கொள்ள, மற்ற பரிசல்காரர்கள் கரையேறிவிட்டார்கள்.

“ஏனுங்க, நாமளும் போயிரலாமுங்க,” என்றாள் மனைவி பூவாத்தா.

“செத்த பொறு புள்ள. மழை அடிக்கறப்ப தண்ணிக்குள்ள இருந்து நம்மளத் தெரியாது. இன்னைக்கிக் கவ்விரும்.”

வாளை வந்தது. ஆனால் இரையைச் சீந்தவில்லை. மீசையால் பரிசலைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. பிறகு இன்னொரு சுற்று.

“எதையோ தேடுதுங்களே?” என்றாள் பூவாத்தா.

சடையப்பனுக்கும் அப்படித்தான் தோன்றியது. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, தன் முகம் அதற்குத் தெரியும்படி தண்ணீரை நோக்கி மெல்லக் குனிந்தார். பரிசல் சாயாமலிருக்க பூவாத்தா எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.