காலி டப்பா

கிருமி சிறுநீர்ப்பைச் சுவரில் கொக்கி மாட்டியதுபோல் ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீர் குடித்தால் போகாது என்று சொல்லி டாக்டரம்மா சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். மாரெட்பள்ளி லேபில் பெர்சிஸிடம் டப்பாவை நீட்டியவன் கிதியோன். சர்ச் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசையில் நிற்பவன். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாத்ரூம் பக்கம் போவதுபோல் போய், காலி டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிதியோன் ஒரு கவரை நீட்டினான்.

“கிருமி நிறைய இருக்குக்கா.”

“நான் சாம்பிளே குடுக்கலையே, தம்பி.”

“எதுக்குக்கா வெக்கப்படுறீங்க? தலையைக் குனிஞ்சிக்கிட்டே கொண்டுவந்து குடுத்தீங்களே.”

பின்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெர்சிஸ் கைப்பைக்குள் துழாவினாள். பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் டப்பா காலியாகத்தான் கிடந்தது. தொட்டபோது வெதுவெதுவென்று இருந்தது.