நல்ல தண்ணிக் கிணறு

ஆய்வுகூடத்துக்கு ஹீலியம் சிலிண்டர் வந்து சேர்ந்த அன்று றுமைஸாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதிரையில் இருந்தாள், எழும்பினாள், ஏ.சி.யைக் கூட்டினாள், குறைத்தாள். தண்ணீரில் ஆர்சனிக் நஞ்சை அளக்கும் இயந்திரம் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அதற்கென்ன, அதன் தங்கச்சியா மாசமாக இருக்கிறாள்?

போன மாதம் ஹீலியம் தீர்ந்திருந்த நேரத்தில் தங்கச்சி ஸாதியாவின் கிணற்றுத் தண்ணீரை இயந்திரத்தில் ஓடவிட்டதுதான் வினை. ஆர்சனிக் கண்டபடி ஏறியிருந்தது.

வயிற்றில் இரண்டு தங்காமல் போய், மூன்றாவது தங்கியிருக்கும் நேரம். ஆற அமர யோசிக்க மனம் இடங்கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரைத் தொடாதே, பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளிக் குடி என்று போனிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள்.

பக்கத்து வளவுத் தண்ணீர் இளநீர் மாதிரி. தேத்தண்ணிக்கென்று தெருவே அங்கே வாளியோடு நிற்கும்.

பிறகுதான் சந்தேகம் அரித்தது. ஸாதியாவின் கிணறு வாவிக்கரையை ஒட்டியது, உப்புக் கரிக்கும். இயந்திரமோ அணுவின் எடையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. உப்பில் இருக்கும் குளோரின், இயந்திரத்துக்குள் ஓடும் ஆர்கன் வாயுவோடு ஒட்டிக்கொண்டால் அச்சாக ஆர்சனிக்கின் எடை வந்துவிடும். ஹீலியத்தை ஊதினால்தான் அந்தக் கள்ள வேசம் கலையும்.

காலையில் ஸாதியாவின் புருசன் றிஸான் காத்தான்குடியிலிருந்து இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்து தந்திருந்தான். ஒன்று அவர்கள் கிணறு. மற்றது பக்கத்து வளவு, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் போத்தல் ஓடியது. எண் இறங்கி இறங்கி, ஆர்சனிக்கே இல்லை என்கிற அளவில் நின்றது.

அல்ஹம்துலில்லாஹ் என்றபடி போனை எடுத்தாள். உன் கிணறு சுத்தம், உப்புதான் என்னை ஏமாற்றிவிட்டது, பயமில்லாமல் குடி என்றாள்.

ஸாதியா சிரித்தாள். இனி அந்தச் சவர்த் தண்ணீர் தனக்கு வேண்டாமாம். ராத்தா காட்டித் தந்த தண்ணீர்தான் வாய்க்குப் பிடித்திருக்கிறதாம். சோறும் அதில்தான் வேகிறதாம்.

அதற்குள் இரண்டாவது போத்தலின் எண் திரையில் வந்துவிட்டது. குடிதண்ணீருக்கு விதித்த எல்லையைப்போல் நாலு மடங்கு.

ஹீலியம் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போத்தலில் ஒட்டியிருந்த பேரையும் திரும்பப் படித்தாள். பக்கத்து வளவு.

"கொஞ்சம் இருங்க ராத்தா, விக்குது," என்றாள் ஸாதியா. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாறன்."