உள்ளே எட்டுப் பேர்

மூன்று மணிக்கு துர்கா டீச்சர் வந்தபோது வேலாயுதம் தறியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு விரற்கடைகூட நெய்திருக்கவில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. அவர் மகள் பொன்னி எழுதப் போகவில்லை.

"கடைசி பெல் அடிக்கிற வரைக்கும் கேட்டுலயே நின்னுக்கினு இருந்தேன், பொன்னி அப்பா. போன் பண்ணா ஆஃப்ல இருக்குது. என்னா ஆச்சு?"

"காய்ச்சல், டீச்சர்."

டீச்சர் உள் அறையை எட்டிப் பார்த்தார். பொன்னி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

அந்தப் பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த வருடம் பொன்னி எடுப்பாள் என்று தலைமை ஆசிரியர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார் டீச்சர். பஸ் நம்பரோ, கரண்ட் பில் நம்பரோ, கண்ணில் பட்ட எண்ணை எல்லாம் உடைத்துப் பார்க்கிற பெண் அவள்.

டீச்சர் பாயில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"தப்பு என்னுதுதான். நேத்து சாயங்காலம் அவளுக்கு ஒரு நம்பர் அனுப்பினேன். பயமில்லாம இருக்கட்டுமேன்னு, ஒரு விளையாட்டுக்கு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சுப் போட்டுப் பார்த்திருப்பா. அதான் காய்ச்சல்."

"நீங்களா அனுப்பினீங்க?"

"ஆமா. புது சிம்மு. பேர் போட மறந்துட்டேன்."

போனை எடுத்து அவரிடம் காட்டினார்.

9699690. உள்ள யார் யார் இருக்காங்க? காலையில சொல்லு.

டீச்சர் விளக்கினார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாதவை பகா எண்கள். இரண்டில் தொடங்கிப் பத்தொன்பது வரை அப்படி எட்டு. எட்டும் இந்த ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. அந்த எட்டு எண்களாலும் மீதியில்லாமல் வகுபடுகிற எண்களில் மிகச் சிறியது இதுதான்.

வேலாயுதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கண்டுபிடிச்சாளா?" என்று கேட்டார் டீச்சர்.

வேலாயுதம் ஆமென்று தலையை ஆட்டினார்.

அன்றைக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் பொன்னியின் போனில் அலாரம் அடித்தது. அணைக்கப் போனவர் கண்ணில் அந்தச் செய்தி பட்டது. பேரில்லாத யாரோ. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற யாரோ. மனைவி வாலாஜாபாத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

மகளை எழுப்பி போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரென்று தெரியாது என்றாள். அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அறைக் கதவை வெளியே தாழிட்டார். தேர்வு முடிகிற ஒன்றேகால் மணி வரை கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவள் அழவில்லை. கதவைத் தட்டவும் இல்லை.

"யார் அனுப்பினாங்கன்னு தெரியலப்பா. ஆனா இது வெறும் கணக்குப்பா," என்றாள்.

ஒன்பது மணி வாக்கில் கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு. மூணு. அஞ்சு. ஏழு. ஒவ்வொன்றாக, அவருக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி, பத்தொன்பது வரைக்கும் சொன்னாள்.