கதவு கேட்ட மாலை

எதிர்வீட்டு அம்பலவாணன் விஷயத்தில் நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன். வீட்டில் பேசுவதையெல்லாம் லாக் என்னும் பதிவேட்டில் எழுதி, அதைப் படித்துக் கதவைத் திறந்து மூடும் மென்பொருளை அவரே செய்தார். மடிக்கணினியில் கன்டெய்னர் என்னும் மூடிய சோதனைப் பெட்டி ஒன்றை அமைத்து, அதற்குள் தன் வீட்டையே நகலெடுத்து மூன்று மாதம் சோதித்தார். ஒரு பிழையும் வரவில்லை. நகல் வீட்டிலிருந்துதான் யாரும் வெளியே போவதே இல்லையே!

நிஜக் கதவில் பொருத்திய அன்று, "கோமதி, போயிட்டு வரேன்" என்று பால் வாங்கக் கிளம்பினார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே போனார், வந்தார் என்று இரண்டும் லாக்கில் ஏறிவிட்டன. திரும்பி வந்தவரைக் கதவு கேட்டது: "அம்பலவாணன் உள்ளேதான் இருக்கிறார். நீங்கள் யார்?"

ஜன்னல் வழியாக மனைவியிடம் கத்தினார். "நான் வெளியே இருக்கேன்னு அதுக்குச் சொல்லேன்டி!"

"உள்ள இருக்கறவர் வாயே திறக்கல. இப்படியே இருக்கட்டுமே" என்றாள் கோமதி. பிறகு, வெயிலில் பால் திரிந்துவிடுமே என்று இரக்கப்பட்டு, கதவிடம் சொன்னாள்: "அவர் போயிட்டார்."

"ஆழ்ந்த இரங்கல்" என்றது கதவு. "துக்கம் விசாரிக்க வருபவர்கள் மட்டும் உள்ளே வரலாம்."

அம்பலவாணன் தெருமுனைக்குப் போய், தனக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்துதான் உள்ளே போனார்.