நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அறுபத்தெட்டு வயதான என் தங்கை பாவாத்தாள், என் மனைவி சரஸ்வதி, டாக்டர் ரெஜினா, நான். வேறு யாரும் இல்லை. மறுநாள் பாவாத்தாளுக்கு அறுவைச் சிகிச்சை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்து, மறுமுனையை என் காதில் மாட்டினார். கிணற்றில் குடம் அமிழ்வது போன்ற சத்தம் கேட்டது.

“குடல்தாங்க ஐயா. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசையில பிறவியிலேயே ஓட்டை. அது வழியா மேல ஏறியிருக்கு. அம்மாவுக்கு நெஞ்சுலதான் பசிக்கும்போல,” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. “உள்ள என்னமோ பேசுது” என்று கல்யாணமான நான்காம் நாள் மாப்பிள்ளை அவளைக் கொண்டுவந்து விட்டதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். வெளியே தெரியக்கூடாது என்று நான் அவளை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. ஐம்பது வருடத்தில் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டதும் இல்லை.

மூன்று சிறு துளைகளிலேயே வேலை முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் பாவாத்தாள் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள்.

“சத்தமே இல்லீங்கண்ணா. அவர் இருந்தா, இப்ப வந்து கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம்.”

மாப்பிள்ளை இறந்து ஆறு வருடம் ஆகிறது.

அவளுக்குள் ஏதோ குடியிருந்தது, அதை டாக்டர்கள் வெளியே எடுத்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். தவறு. எதையும் எடுக்கவில்லை. ஓட்டையைத் தைத்து, அவளுடைய குடலை அதன் இடத்தில் வைத்தார்கள்.